சீசன் முடியட்டும்

வெண்டல் எழுந்து நின்று தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் தட்டியபோது லோர்னா சாண்ட்விச் தட்டோடு மூன்றாவது மேசையருகில் நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கை என்ன செய்யும் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

தேவாலயத்தில் சித்தப்பா வெண்டல் பேசக்கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அம்மா கிளெண்டா அதற்கு ஒத்துக்கொண்டாள். அப்பாவின் சவப்பெட்டியைச் சுமக்கவும் கூடாது என்றதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் பிறந்தது ஒரே தம்பி, நாற்பது வருஷம் ஒரே படகு, துறையில் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது என்று கேட்டாள். ஆகவே வெண்டல் முன்பக்கம் வலது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் நடந்த லோர்னா கல்லறைவரை அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு போனாள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடைவெளி இருந்தது. அண்ணன் சாவுக்குக்கூட அளவான சட்டை ஒன்று கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

பேசக்கூடாது என்றது தேவாலயத்தில்தான். அதன் கீழ்த்தள மண்டபத்தில், மகளிர் சங்கம் போட்ட சாப்பாட்டு மேசைக்கு நடுவில், யாரும் யாரையும் தடுக்க முடியாது.

"பாதிரியார் ஆல்டனைப் பத்தி நல்லதெல்லாம் சொல்லிட்டாரு" என்று தொடங்கினார் வெண்டல். "மிச்சத்த நான் சொல்றேன்."

மண்டபம் சிரித்தது. மூன்று நாளாகச் சிரிக்காதவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அண்ணி, இத உங்ககிட்ட இத்தன நாளா மறைச்சேன். தினமும் விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு பன்றிக்கறி ரொட்டி கட்டிக் குடுத்தீங்களே, எங்க அண்ணன் அத ரெண்டு சீசனா தின்னதே இல்ல. பத்து மணியானா பெட்டியத் திறப்பாரு, பிச்சுப் பிச்சுப் பின்னால வீசுவாரு. ஒத்தக் கால் கடற்புறா ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு கிளெண்டான்னு பேரு வச்சிருந்தாரு. 'கிளெண்டா, இன்னிக்குக் கடுகு கொஞ்சம் தூக்கல், பாத்துத் தின்னு'ன்னுவாரு. இந்தக் கரையிலேயே கொழுத்த பறவை எங்க படகுக்குப் பின்னாலதான் பறந்துச்சு."

மேசைகளில் கை தட்டினார்கள். கிளெண்டா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பாதியில் அது அழுகையாக மாறியது. பக்கத்திலிருந்த மகளிர் சங்கத்து மேவிஸ் அவள் முதுகைத் தடவினாள்.

"ரெண்டு சீசனா?" என்றாள் லோர்னா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று சுற்றியிருந்த சிரிப்பை அறுத்தது. வெண்டல் அவள் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் மட்டுமா, அதுக்கு முந்தின வருஷமுமா?"

"ரெண்டும்தான்" என்றார் அவர். சிரிப்பு இன்னும் முகத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை.

லோர்னா தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

நகரத்தில் குடல் நிபுணர் ஒருவரின் அலுவலகத்தில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள் லோர்னா. தீவு முழுக்க உள்ள குடும்ப மருத்துவர்கள் அனுப்பும் பரிந்துரைத் தாள்கள் முதலில் வந்து விழுவது அவள் கையில்தான். தாளின் நடுவில் மூன்று கட்டங்கள் இருக்கும். விழுங்கும்போது சிக்குகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா. ஒன்றில் டிக் இருந்தாலும் தாள் சிவப்புத் தட்டுக்குப் போகும். இரண்டு வாரத்தில் அழைப்பு. மூன்றும் காலியாக இருந்தால் பச்சைத் தட்டு. ஏழு மாதம், எட்டு மாதம், சில சமயம் ஒரு வருஷம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் அவள் அப்பாவின் தாள் வந்தது. ஆல்டன், அறுபத்தேழு வயது, மீனவர், பல வருஷ நெஞ்செரிச்சல். மூன்று கட்டங்களும் காலி. அன்று மாலை அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். வயிறு எரிகிறது, மாத்திரை போட்டால் நிற்கிறது, மருத்துவர்தான் தேவையில்லாமல் எழுதித் தந்துவிட்டார். "என்ன முன்னால தள்ளாத. என்னவிட மோசமா இருக்கிறவன் இருப்பான்" என்றார். லோர்னா அவரைத் தள்ளவில்லை. பச்சைத் தட்டில் போட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வருஷம் மே மாதம் ஒன்பதாம் தேதிக்கு அழைப்பு வந்தது. சிங்கி இறால் சீசனின் இரண்டாவது வாரம். அப்பா தம்பியைக் கேட்டார். வெண்டல் சொன்ன பதிலை அம்மா ஒரு எழுத்து விடாமல் லோர்னாவிடம் சொல்லியிருந்தாள்: எட்டு மாசம் பொறுத்த வயிறு இன்னும் ஏழு வாரம் பொறுக்காதா, சீசன் முடியட்டும். தேதி ஜூலைக்குத் தள்ளிப் போனது. ஜூலையில் குழாயை உள்ளே விட்டுப் பார்த்த நிபுணர், வெளியே வந்து லோர்னாவைத்தான் முதலில் கூப்பிட்டார். உணவுக்குழாயின் அடியில் வாதுமைக் கொட்டை அளவு கட்டி இருந்தது. கல்லீரலுக்கும் போயிருந்தது.

அன்றிலிருந்து அவள் வெண்டலோடு பேசவில்லை, ஒரே ஒரு தடவை தவிர. ஜனவரியில் மருத்துவமனை வராந்தாவில் அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபோது அவள் நேராகப் போய், "இது உங்களுக்கு வந்திருக்கணும்" என்றாள். அவர் தொப்பியை மறுபக்கம் சுற்றினார்.

சமையலறைக்கு அம்மா பின்னாலேயே வந்தாள். அவளுக்குப் பின்னால் வெண்டலும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"அந்தத் தாள் வரதுக்கு முந்தின வசந்தத்திலேயே அவரால ரொட்டி முழுங்க முடியல" என்றாள் லோர்னா. "சீசன் ரெண்டு மாசமும் தினமும் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"படகுல நடக்கிறதக் கரையில பேசறதில்ல" என்றார் வெண்டல். "எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"இன்னிக்கு மட்டும் பேசினீங்க. ஊரே சிரிச்சுது."

"அவரு இனிமே படகுல இல்லயே."

அதைச் சொல்லிவிட்டு அவர் கீழே பார்த்தார். லோர்னாவுக்கு அருகில் சாண்ட்விச் அறுக்கிற நீளக் கத்தி கிடந்தது. அதன் பக்கத்தில் ரொட்டி ஓரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. சாவுச் சாப்பாட்டில் எல்லாச் சாண்ட்விச்சுக்கும் ஓரத்தை வெட்டிவிடுவார்கள். முட்டை, மீன், மென்மையான வெள்ளை ரொட்டி. அவள் கத்தியைக் கழுவுத்தொட்டிக்குள் தள்ளினாள்.

அவர் ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தார். அண்ணன் பல்செட்டைக் காரணம் சொன்னார் என்றார். புதுப் பல்செட்டு, ஈறைக் கடிக்கிறது என்று. நம்பினேன் என்றார்.

"என்கிட்டயும் பல்லுன்னுதான் சொன்னாரு" என்றாள் கிளெண்டா.

லோர்னா திரும்பினாள். "எப்ப?"

அம்மா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். தாள் வந்த வருஷ ஈஸ்டருக்குப் பிறகு என்றாள். அதிலிருந்து டர்னிப் கிழங்கை மசிக்கத் தொடங்கியதாகச் சொன்னாள். பிறகு உருளைக்கிழங்கையும். பிறகு இறைச்சியை அரைத்துக் குழம்பில் கலந்தாள். அவர் எதையும் கேட்கவில்லை, இவளும் எதையும் சொல்லவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று பயம். காலையில் கட்டிக் கொடுக்கிற ரொட்டிப் பெட்டி காலியாகத் திரும்பி வந்ததால், வெளியே நன்றாகத்தானே தின்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"மசிச்சுக் குடுத்தே கொன்னுட்ட" என்றாள் லோர்னா.

வெண்டல் "லோர்னா" என்று எச்சரிக்கிற மாதிரி கூப்பிட்டார். கிளெண்டா அவரைக் கையால் தடுத்தாள். அவள் அழவில்லை. நாற்பத்திமூன்று வருஷம் மீனவன் மனைவியாக இருந்தவள். முகத்தில் உப்புக் காற்று அடித்ததுபோல் கண்ணை மட்டும் சுருக்கினாள்.

"ஆமா, நான் மசிச்சேன். இவரு பாத்தாரு. நீ எங்க இருந்த? அந்தத் தாளு உன் கையில இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் மேசையிலதான் சாப்பிட்ட. நாலு வாய் தின்னதும் அவரு எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போவாரே, அத நீ பாக்கலையா?"

லோர்னா பார்த்திருந்தாள். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுவார். ஜன்னலருகில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "காத்து மேக்கால திரும்புது" என்பார். மீனவன் காற்றைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்? ஒரு நிமிஷம், சில நாள் மூன்று நிமிஷம். தோள்கள் ஒருமுறை இறங்கும். திரும்பி வந்து உட்கார்ந்து தேநீர் கேட்பார். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் விழுங்கும்போது சிக்குகிறதா என்று கேட்பதே வேலையாக இருந்த மகள், அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே தன் தட்டில் இருந்ததைத் தின்று முடித்திருக்கிறாள்.

வெண்டல் எப்போது வெளியே போனார் என்று இருவரும் கவனிக்கவில்லை. கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

கிளெண்டா அலமாரியிலிருந்து தன் கூடையை எடுத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழுப்பு ரொட்டியைத் தடிமனாக இரண்டு துண்டு அறுத்து, வெண்ணெய், கடுகு, பன்றிக்கறி வைத்து மெழுகுத் தாளில் மடித்தாள். கை தானாகச் செய்கிற வேலை அது.

"துறைக்குத்தான் போறாரு. இத அவருகிட்ட குடு. வரும்போது அப்பா சாப்பாட்டுப் பெட்டிய எடுத்துட்டு வா. இன்னிக்குப் படகுல இறால் கூடு ஏத்தினா அடியில போயிடும், ஜூலை வரைக்கும் கிடைக்காது."

"அவருக்கு நான் சோறு தூக்கிட்டுப் போகணுமா?"

"எனக்கு அந்தப் படகப் பாக்கத் தெம்பில்ல. நீதான் எல்லாரையும் வெறுக்கத் தெம்போட இருக்க. போயிட்டு வா."

காற்றே இல்லாத நாள். துறைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வீட்டுப் புகைக்கூண்டிலிருந்தும் புகை நேராக எழுந்து நின்றது. திங்கட்கிழமை விடிந்தால் கடலில் கூடு இறக்கும் நாள். துறை முழுக்கக் கூடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மற்ற படகுக்காரர்கள் ஆல்டனுக்காக ஒரு நாள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். வெண்டல் மட்டும் சாவுக்குப் போட்ட கால்சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற எண்ணெய்த்துணிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கூடுகளைப் படகின் பின்தளத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார்.

அவளைப் பார்த்ததும் ஓட்டுநர் அறைக்குள் போனார். எஞ்சினை முடுக்கினார். சூடேற்றத்தானா, பேச்சைத் தவிர்க்கவா என்று தெரியவில்லை. லோர்னா பின்னாலேயே ஏறினாள்.

அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டி இரை வாளிக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டியிருந்தது. பத்து மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. கறுப்புத் தகரம், வெள்ளைத் தாழ்ப்பாள். அவள் அதை எடுத்துத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு ரொட்டித் துணுக்குகூட இல்லை.

எஞ்சின் சத்தத்துக்குப் பறவைகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு, பின்விளிம்பில் வரிசையாக இறங்கின. ஒன்றுக்கு ஒரே கால். அது அப்பா நிற்கும் இடத்துக்கு நேராக உட்கார்ந்து தலையைச் சாய்த்தது. சிரிக்க வைத்த கதை பொய்யில்லை.

"உங்களுக்குக் குடுத்து விட்டாங்க" என்று பொட்டலத்தை ஓட்டுநர் அறைத் தட்டில் வைத்தாள். அதன் பக்கத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரை ஜாடி நின்றது. அப்பாவுக்காக எப்போதும் அங்கே இருந்த மாதிரியே ஒரு பெரிய ஜாடி, ஆனால் புதிது. மூடியிலிருந்த பிளாஸ்டிக் சீல் இப்போதுதான் கிழிக்கப்பட்டு ஜாடியடியில் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடற்புறா தனியாகச் சுற்றி வந்து, பின்தளத்துக்குப் போகாமல், ஓட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் இறங்கியது. அலகால் கண்ணாடியை இரண்டு முறை தட்டியது.

வெண்டலின் கை தானாக ஜன்னல் கொக்கிக்குப் போனது. பாதியில் நின்றது.

லோர்னா அந்தக் கையையும் பறவையையும் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே வெள்ளை எச்சம் காய்ந்தும் காயாமலும் வழிந்திருந்தது. குளிர்காலம் முழுக்கக் கரையில் நின்ற படகு தண்ணீரில் இறங்கி நான்கு நாள்தான் ஆகிறது.

"அது எதுக்கு இந்தப் பக்கம் வருது?"

"பறவைக்கு எங்க வேணும்னாலும் வரத் தெரியும்."

"பின்னால நின்னவரு ரொட்டியப் பின்னால போட்டாரு. இந்த ஜன்னல் வழியா யாரு போட்டது?"

அவர் எஞ்சின் வெப்பமானியைக் கவனமாகப் பார்த்தார்.

"அந்தச் சட்டை யாரோடது?"

"என்னோடதுதான். உன் கல்யாணத்துக்கு வாங்கினது."

லோர்னா அலுவலகத்தில் பேசுகிற குரலை எடுத்தாள். அதில் கோபம் இருக்காது, அன்பும் இருக்காது.

"விழுங்கும்போது சிக்குதா?"

"இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா?"

"இல்ல."

"வெளிக்குக் கறுப்பாப் போகுதா?"

"இல்லன்னு சொல்றேன்ல." பிறகு அவர் பக்கவாட்டில் சிரித்தார். "ஜனவரியில நீ வேண்டிக்கிட்டது கேக்க வேண்டியவங்க காதுல விழுந்திருக்குமோன்னு பயமா இருக்கா?"

அவளுக்கு அந்த இடத்திலேயே அவரை அறைய வேண்டும் போலிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். மூன்று கட்டமும் காலி, அவராகவே சொன்னது.

"திங்கக்கிழமை கூடு இறக்கணும்" என்றார் அவர், கொஞ்சம் தணிந்த குரலில். "ஆல்டன் இல்லாம முதல் சீசன். முந்நூறு கூடு. இத விட்டுட்டு எங்க போறது? சீசன் முடியட்டும், பிள்ள. ஜூலையில நானே வந்து உன் முன்னால உக்காரறேன்."

லோர்னா மெழுகுத் தாளைப் பிரித்தாள். பழுப்பு ரொட்டியின் ஓரம் தடித்துக் கறுத்திருந்தது. கடுகின் வாடை எழுந்தது. அதை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"தின்னுங்க."

"மண்டபத்துலயே சாப்பிட்டேன்."

"நாலு முட்டை சாண்ட்விச்சு, ஒவ்வொரு கடிக்கும் ஒரு வாய் தேத்தண்ணி. நான்தான் தட்டத் தூக்கிட்டு நின்னேன். தின்னுங்க."

"என்ன சின்னப் பிள்ள மாதிரி..."

"என் கண்ணு முன்னால. ஒரு வாய். முழுங்கிட்டீங்கன்னா நான் இறங்கிப் போயிடறேன். சாகிற வரைக்கும் உங்ககிட்டப் பேச மாட்டேன்."

வெண்டல் ரொட்டியை வாங்கினார். அதைச் சுற்றிப் பார்த்தார், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர் போல. ஓரத்தில் கடித்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். தாடை ஓயாமல் அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே பறவை தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தது. கடைசியில் அவர் தொண்டை ஏறி இறங்கியது.

ஒரு கணம் அவர் அவளை வெற்றியோடு பார்த்தார். பிறகு அந்தப் பார்வை எங்கோ உள்ளே திரும்பியது. அவர் ஓட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஜன்னலைப் பார்த்து நின்றார்.

"காத்து மேக்கால திரும்புது" என்றார் மூச்சுப் பிடித்த குரலில்.

துறைமுனைக் கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது.

லோர்னா அவருடைய தோள்களைப் பார்த்தபடி நின்றாள். அவை இறங்கவில்லை. அவர் கைக்குக் கீழாகக் கையை நீட்டி எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி அப்பாவின் தகரப் பெட்டிக்குள் போட்டு, இரண்டு தாழ்ப்பாளையும் அழுத்தி மூடினாள்.

சத்தம் அடங்கிய அறையில், பறவை மறுபடி கண்ணாடியைத் தட்டியது.